சட்டை காயவில்லை

முதலில் பார்த்தது அவள்தான்.

ஊஞ்சலுக்கு அந்தப் பக்கம் நான்கு குழந்தைகள். நால்வருக்கும் ஒரே மஞ்சள் டீ-ஷர்ட். முதுகில் 'லீவு விட்டாச்சு' என்று அச்சடித்திருந்தது.

நான்கும் தெரிந்த முகம்.

வேப்பமரத்தடியில் பாய் விரித்து அவர்களுடைய அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மதகுப் பாலத்தின் பக்கம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த மூன்று ஆண்களும் அந்த அம்மாக்களின் கணவர்கள். மூன்று குடும்பம், ஒரு வேன்.

போன வருடம் நான்கு குடும்பம். இதே முக்கொம்பு, இதே அரையாண்டு லீவு. தயிர்சாதம் அவள் பொறுப்பு. மாதுளை உதிர்த்துப் போட்டு, திருச்சியிலிருந்து சிந்தாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

இந்த வருடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாட்ஸப் குரூப்பில் மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு குரூப் தொடங்கியிருப்பார்கள் என்று இப்போதுதான் உறைத்தது. அவ்வளவு வெகுளி.

சண்டை ஒன்றுமில்லை. மகன் இனியனின் அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு போய் எட்டு மாதமாகிறது, அவ்வளவுதான். குடும்பம் குடும்பமாகப் போகிற வேனில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

கேட்டிருந்தால் அவளே வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

கேட்டிருக்கலாம்.

இன்று அவள் வந்ததே பையன் நச்சரித்ததால்தான். யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடலாம் என்று அவன் கையைப் பிடிக்கப் போனாள்.

பக்கத்தில் அவன் இல்லை. ஓடிக்கொண்டிருந்தான்.

ஏழு வயது. நீலச் சட்டை. நேராகப் போய் மஞ்சளுக்கு நடுவே நின்றான்.

உன்னைக் கூப்பிடவே இல்லையே என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். அதற்குள் போய்ச் சேர வேண்டும். தன்னை ஒதுக்கியதை எப்படியோ விழுங்கிக்கொள்வாள். அவன் அதைக் கேட்கக் கூடாது. கைப்பை ஒரு பக்கமும் சாப்பாட்டுக் கூடை ஒரு பக்கமும் இடிக்க, அவளும் ஓடினாள்.

"நாமதான் லேட்டு கண்ணா," என்றாள் மூச்சிரைக்க. "அம்மாவாலதான். எல்லாரும் அப்பவே வேன்ல வந்துட்டாங்க."

அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். பிறகு மஞ்சள் சட்டைகளைப் பார்த்தான்.

"எனக்கு?"

"உன்னோடத துவைச்சுப் போட்டேன். காயல."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

அந்த நால்வரில் ஒருவனான ஜெரினின் அம்மா எழுந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. என்ன சொல்வதென்று தேடுவது தெரிந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

"வாங்க, இனியன் அம்மா. இது... திடீர்னு முடிவாயிடுச்சு."

டீ-ஷர்ட் அச்சடித்து வர ஒரு வாரமாவது ஆகும். அதை அவள் சொல்லவில்லை. சிரித்தாள்.

பாயில் இடம் விட்டார்கள். தேவைக்கு அதிகமாகவே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பேசினார்கள். மீன் வறுவல் போன வருடம் மாதிரி இல்லை என்றார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

தட்டில் எலுமிச்சை சாதம் வந்தது. உருளைக்கிழங்கு வந்தது. கடைசியில் தயிர்சாதம்.

யாரோ செய்திருந்தார்கள். மாதுளைகூடப் போட்டிருந்தார்கள்.

நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் போட்டோவுக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். நான்கு மஞ்சள், ஓரத்தில் ஒரு நீலம். ஜெரினின் அப்பா போனைத் தூக்கினார். எடுக்கவில்லை. என்ன செய்வது என்பதுபோல மனைவியைப் பார்த்தார்.

இனியனே சத்தமாகச் சொன்னான்.

"எங்கம்மா என் சட்டையத் துவைச்சுட்டாங்க அங்கிள். காயல. அதான்."

பெரியவர்கள் யாரும் நிமிரவில்லை. ஜெரினின் அம்மா காலித் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

இனியன் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளை நம்பிவிட்டான். மற்றது எப்படிப் போனாலும் போகட்டும்.

நான்கு மணிக்கு வேனில் வரச் சொன்னார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டால் இடம் சரியாக இருக்கும் என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் அவளுக்குச் சித்தி யாரும் இல்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேன் அவர்களைத் தாண்டிப் போனது. இனியன் கையாட்டினான். உள்ளே பாட்டுப் போட்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

"நல்லா விளையாடினியா?"

தலையாட்டினான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ம்மா."

"சொல்லு."

"அடுத்த வருஷமும் என்னைக்குப் போறாங்கன்னு ஜெரின்கிட்ட கேட்டு வெச்சுக்கறேன். இந்தத் தடவை கேட்ட மாதிரியே."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கெளம்பும்மா. அவங்களுக்கு முன்னாடியே போய் உக்காந்துக்கலாம்."

சரி என்றாள். குரல் வரவில்லை.

இன்னொரு தடவை சொன்னாள்.