முதல் மிடறு

ஸ்காபரோ கிளினிக்கின் சன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டுகிறது. நர்ஸ் மருந்தின் பெயரைச் சொல்லி ஊசியைக் கண்முன்னே பிடித்துக் காட்டுகிறாள். போன மாதம் இடது தோள் என்பதால், டெனிஸ்டன் தானாகவே வலது தோளை நீட்டுகிறான். தசைக்குள் தங்கும் அந்த மனநோய் மருந்து அடுத்த மாதம்வரை கொஞ்சங்கொஞ்சமாக இரத்தத்தில் ஊறும். தினமும் குளிசை விழுங்கத் தேவையில்லை. யாரோ ஒருத்திக்கு அவன் இவ்வளவு சுலபமாகத் தோளை நீட்டுவதை அக்கா றெஜினா பார்த்தபடி இருக்கிறாள். குளிசையை அவன் துப்பிய காலத்தில், அவள்தான் அதைத் தூளாக்கித் தேத்தண்ணியில் கலந்து கொடுத்தாள். ஒருநாள் கோப்பையின் அடியில் வெள்ளை மண்டியை அவன் கண்டுவிட்டான். “நோகுதோ?” என்கிறாள். “இல்லையக்கா.” பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள். பஞ்சைத் தோளில் அழுத்தியபடி வாங்கியவன், முகத்தில் ஒரு கோபமுமில்லாமல், வழக்கம்போல அதை அவளிடமே திருப்பி நீட்டுகிறான். “முதல் நீங்கள் ஒரு மிடறு குடியுங்கோ.” நாக்குச் சுடச்சுட அவள் குடிக்கிறாள். அவள் தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் அவன் கை நீட்டுகிறான்.