மல்லாட்டை

கதவு தட்டப்பட்டதும் இசைவாணி பூனையைத்தான் பார்த்தாள்.

கதவில் துவாரம் கிடையாது. யார் என்று கேட்கவும் கூடாது. வீட்டில் ஆளில்லை என்று நினைத்துப் போய்விடட்டும் என்பது சித்தார்த்தன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

கல்யாணம் ஆன கையோடு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாதுகாப்பு கேட்டார்கள். போலீஸ்காரர்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் வரவழைத்து, சாதி எல்லாம் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று பேசி, பத்திரமாக இருங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். அதோடு பாதுகாப்பு முடிந்தது. மிச்சத்துக்குப் பூனை இருந்தது.

ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவள் தப்பித்து வந்ததே அந்தப் பூனையை வைத்துத்தான். பூனைக்கு ஊசி போட வேண்டும் என்று வீட்டில் சொன்னாள். ஒயர் கூடையில் அதைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள். மாட்டாஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த சித்தார்த்தன் கூடையைப் பார்த்துவிட்டு, சீர்வரிசை பிரமாதம் என்றான்.

விழுப்புரத்துக்கு வந்து ஊரை மாற்றினார்கள், போன் நம்பரை மாற்றினார்கள், கேட்டவர்களிடம் வேறு பெயர் சொன்னார்கள். பூனையின் பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பெயர் மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை.

மாடி அறையை வாடகைக்கு விட்ட அம்மணியக்காவுக்கு அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை. தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடலைத் தோல் நிறத்தில் இருக்கிறதே, அதனால்தான் என்று இசைவாணி சமாளித்தாள்.

அதன் காதுக்குக் கோயிலே கட்டலாம். சித்தார்த்தனின் பைக் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே அதன் ஒரு காது மட்டும் தனியாகத் திரும்பும். இசைவாணிக்கு அப்போது எதுவுமே கேட்காது. வாலைக் கொடிமரம்போல நிமிர்த்திக்கொண்டு பூனை கதவடியில் போய் நிற்கும். அவள் உலைக்கு அரிசி களைந்து முடிப்பதற்குள் அவன் படியேறி வந்துவிடுவான்.

வேறு யார் வந்தாலும், அது கேஸ்காரரோ, கரண்ட் கணக்கெடுப்பவரோ, ஏன் அம்மணியக்காவேகூட, ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கடியில் போய்விடும்.

வால் நிமிர்ந்தால் திறக்கலாம். கட்டிலுக்கடியில் போனால் மூச்சுக்கூட விடக்கூடாது. இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

போன வாரம் ஊரிலிருந்து தோழி கூப்பிட்டாள். புது நம்பர் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அண்ணன் வல்லரசு விழுப்புரத்தில் தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டிருக்கிறானாம். கண்ணில் பட்டால் இரண்டு பேரையும் உயிரோடு விடமாட்டேன் என்று அப்பாவின் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தானாம். அன்றிலிருந்து குக்கர் விசில் அடித்தாலே இசைவாணி தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுபடியும் தட்டினார்கள். மெதுவாக, அவசரமே இல்லாமல்.

கட்டில்மேல் சுருண்டு கிடந்த மல்லாட்டை தலையைத் தூக்கியது. இரண்டு காதுகளும் கதவுப் பக்கம் திரும்பின. மீசை முன்னுக்கு வந்தது. கண்ணின் கோடு விரிந்து முழுக் கறுப்பானது.

சித்தார்த்தனாக இருக்க வேண்டும் என்று அவள் குலசாமியை வேண்டினாள்.

பூனை குதித்தது. கட்டிலுக்கடியில் போகவில்லை. வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடிப்போய்க் கதவில் கன்னத்தைத் தேய்த்தது. சந்தோஷத்தில் வால் நுனி வெடவெடவென்று நடுங்கியது.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. வண்டி ரிப்பேராகி நடந்து வந்திருப்பான், அதுதான் பைக் சத்தம் இல்லை. மத்தியானச் சோற்றுக்கே வந்துவிட்டானே, குழம்பு இன்னும் கொதிக்கவில்லையே என்று நினைத்தபடி தாழ்ப்பாளை நீக்கினாள்.

கட்டில்மேல் போன் அடித்தது. எட்டி எடுத்தாள்.

"இசை, திருவெண்ணநல்லூர்ல இன்னும் லோடு எறக்கிக்கினுதான் இருக்கறாங்க. வர்றதுக்கு நேரமாவும். நீ சாப்புட்டுடு."

சித்தார்த்தன்தான். போனில் அவன் இரண்டு முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதுக்கும் எட்டியது. கதவுக்கு வெளியே, படக் என்று. விரல்களுக்கிடையே மல்லாட்டைத் தோல் உடைகிற சத்தம்.

பூனைக்கு அந்தப் பெயர் நிறத்தால் வந்ததில்லை.

மல்லாட்டை விதைத்த கொல்லையில் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை ஒருவன் மடியில் கட்டி எடுத்து வந்தான். பால் புகட்டி வளர்த்தான். பிறகு தினமும் ஒரு தோலை அதன் காதருகே உடைப்பான், பருப்பை மென்று உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பான். பூனையையாவது பழக்குவதாவது என்று ஊரே கேலி செய்தது. கடைசியில் இரண்டு கொல்லை தள்ளி நின்று அவன் ஒரு தோலை உடைத்தால் அது வரப்பில் பறந்து வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கை தட்டியவள் இசைவாணி.

ஊசி போடப் போகிறேன் என்று அவள் கிளம்பிய அன்று, பூனைக்கு உறுத்தக் கூடாது என்று தன் பழைய சட்டையை மடித்துக் கூடைக்குள் விரித்தவனும் அவன்தான்.

"வெய்யிலு ஏர்றதுக்குள்ள ஜல்தியா கூட்டாந்துடும்மா."

அன்றைக்குப் பிறகு அவள் அண்ணனைப் பார்க்கவில்லை.

வெளியே இன்னொரு தோல் உடைந்தது.

மல்லாட்டை கதவிடுக்கில் பாதத்தை நுழைத்தது. நகத்தைப் பதித்து, கதவைத் தன் பக்கமாக இழுக்கத் தொடங்கியது.

அதையும் அண்ணன்தான் பழக்கியிருந்தான்.