கடைசி வீட்டு வாசல்

எட்டு மாத நாய்க்குட்டியான டாமிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. சொட்டு மருந்தும் கேட்கவில்லை.

"நாளைக்கு யார் வீட்டுக் கோலத்தையாவது மிதிச்சு வெச்சா, பெசன்ட் நகர் பீச்சுல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்றாள் அம்மா.

காலையில் அவள் வாசலில் நின்று பார்க்க, டாமி தெருவில் இறங்கியது. ஒவ்வொரு கோலத்தையும் சுற்றிக்கொண்டு போனது. ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

"சரியான திருடன்டி இவன். இருந்துட்டுப் போகட்டும்." அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். எனக்கு மூச்சு வந்தது.

கடைசி வீட்டில், கோலமாவுக் கையோடு டாமியைத் தடவிக்கொடுக்கும் தங்கபுஷ்பம் அக்கா இறந்து பத்து நாள்தான் ஆகிறது. அங்கே கோலம் கிடையாது. அந்த வெறும் வாசலையும் டாமி சுற்றிக்கொண்டுதான் போனது. ஓர் இடத்தில் நின்று வாலாட்டியது.

திரும்பி வந்தபோது அதன் தலையில் கோலமாவு ஐந்து விரல் தடமாக ஒட்டியிருந்தது. அம்மா பார்ப்பதற்குள் தாவணியால் துடைத்துவிட்டேன்.