மேடு ஏறிய ஜீப்

தாண்டிக்குடி மேட்டில் அன்றைக்கு மூன்றாவது தடவையாக, ஆறு மூட்டை ஆரஞ்சு ஏற்றிய ஜீப் திணறி நின்றதும் சேனாதிபதிக்கு மானமே போய்விட்டது. மனைவி கண்மணி வழக்கம்போல் குதித்து இறங்கி, வண்டி பின்னால் உருண்டுவிடாமல் டயருக்கு ரோட்டோரத்துக் கல் ஒன்றை எடுத்து வைத்தாள்.

மறுநாளே ஜீப்பை மெக்கானிக் பாவாவின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பாய், வண்டிக்கு வயசு முப்பத்தஞ்சு. புது இன்ஜின் போட நமக்குத் தோதில்ல. கொறஞ்ச செலவுல பவரைக் கூட்டிக் குடுங்க."

பாவா இன்ஜின் பக்கமே போகவில்லை. பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "செலவே இல்லாம கூட்டிரலாம். சாயங்காலம் வாங்கண்ணே" என்றார்.

சாயங்காலம் அதே ஆறு மூட்டை ஆரஞ்சோடு, அதே மேட்டில், ஜீப் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளி ஏறியது. சேனாதிபதிக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு நாள் கழித்து, ஒரு கூடை ஆரஞ்சும் கண்மணியுமாகப் பட்டறைக்கு வந்தார். வாசலில் புதிதாகக் கற்படி கட்டியிருந்தது.

"கல்லு ஏது பாய்?"

"எல்லாம் உங்க ஜீப்புல தார்ப்பாய்க்கு அடியில கெடந்ததுதான். நாப்பத்து மூணு கல்லு. அதை எறக்கிப் போட்டேன், வேற ஒரு சோலியும் பாக்கல."

கண்மணி புருஷனை முறைத்தாள். "டயருக்கு வச்ச கல்லை ரோட்டுல விட்டா வர்ற வண்டிக்கு எடைஞ்சல், எடுத்து உள்ள போடுன்னு நீங்கதான சொன்னீங்க."

சேனாதிபதி தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"சரி பாய், படியைப் பேத்து எல்லாத்தையும் திரும்ப ஏத்துங்க. மேட்டுல நின்னா கல்லு வேணும்ல. இப்பத்தான் வண்டிக்கு நல்ல பவர் வந்திருச்சே, தாங்கும்."