இரண்டாவது ரிமோட்

பெங்களூரு அல்சூர் ஃப்ளாட்டின் விளக்கு, ஏசி, வாசல் பூட்டு எல்லாமே ஆதிகேசவனின் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டவை. மனைவிக்கும் ஒன்று வாங்கியிருந்தார். அதை இணைக்க டெக்னீஷியன் ஆண்டனி வந்தான்.

"ரெண்டாவது ரிமோட்டால லைட்டு போடலாம், அணைக்கலாம். புதுசா எதையும் சேர்க்க முடியாதுல்ல?" என்று கேட்டார்.

"முடியாது சார். அதுக்கு மெயின் ரிமோட் வேணும்."

"அவளுக்கு அது போதும்!" பெருந்தன்மையோடு தன் ரிமோட்டை நீட்டினார்.

ஆண்டனி அமுக்கி அமுக்கிப் பார்த்தான். புதியது சேரவே இல்லை.

"ஸ்வல்ப இருங்க சார்... உங்க கையில இருக்கிறதே ரெண்டாவதுதான். மெயின் எங்கே?"

ஆதிகேசவன் தன் ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சமையலறையிலிருந்து மனைவி தனலக்ஷ்மி இன்னொரு ரிமோட்டோடு வந்தாள்.

"இந்தாங்க ஆண்டனி. இவரு பட்டன் அமுக்க ஆசைப்பட்டாரேன்னு அப்பவே ஒண்ணு சேர்த்துக் குடுத்தேன். இந்தப் புதுசை நம்ம சமையல்கார சரசுவுக்குப் போட்டுடுங்க!"