கான்பூருக்கு அடுத்த கட்டம்

1991 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்ரீபெரும்புதூரில் வாங்கிய வியாபார விளையாட்டைச் சின்னப்பொண்ணு பிரித்தாள். அட்டை கெட்டியாக இருந்தது. பம்பாய், கல்கத்தா, கான்பூர் என்று கட்டங்கள். கான்பூருக்கு அடுத்து சேரப்பணஞ்சேரி.

“இன்னாடி, நம்ம ஊரு இதுல கீது?” என்றான் அவள் புருஷன் அண்ணாதுரை.

“இருந்தா இன்னா? ஆடுய்யா.”

மறுநாள் அவர்கள் தங்கள் நிலத்தைத் தொழிற்சாலைக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தது. அவனுக்குச் சம்மதம், அவளுக்கு இல்லை. ஜெயிப்பவர் சொன்னபடி செய்வது என்று பேசியிருந்தார்கள்.

பெட்டியில் இரண்டு பகடைகள். இரண்டையும் உருட்டினால் தாயம் எப்படி விழும் என்று கேட்டு, ஒன்றை அவள் எடுத்து வைத்துவிட்டாள். தாயம் விழாமல் காய் இறக்க அவளுக்கு மனமில்லை. முதல் உருட்டிலேயே விழுந்தது.

சேரப்பணஞ்சேரியை அவள் வாங்கினாள். அடுத்தவர் இடத்தில் போய் நின்றால் வாடகை தர வேண்டும். அண்ணாதுரையின் காய் ஒவ்வொரு சுற்றிலும் அங்கேயே போய் நின்றது.

“போதும்டி. கையெழுத்துப் போடல.”

“அத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் துணியாவது தொவச்சிருப்பேன்.”

திங்கட்கிழமை காலை அவள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சாலையில் போன லாரி ஒன்று வயலோரம் நின்றது. டிரைவர் இறங்கி வந்து ஒரு உறையை நீட்டினார்.

“இன்னாது இது?”

“வாடகைம்மா. உங்க இடத்துல வந்து நின்னுட்டேனே.”

சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். லாரிக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் மூன்று வேன்களும் நின்றிருந்தன. அவற்றின் டிரைவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.