ஒரே சூட்டில் பன்னிரண்டு ஓடுகள்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. மின் உலையின் எண்கள் எழுநூறு டிகிரியை நோக்கி ஊர்கின்றன. ஸௌம்யா கன்னத்தில் கைவைத்து அவற்றையே பார்க்கிறாள். பழைய பானை ஓட்டை மறுபடி சுட்டால், அது முன்பு கண்ட உச்சச் சூட்டைத் தாண்டும்போதுதான் நிறம் மாறும். மாகறல் கிணற்றில் கிடைத்த பதினொரு ஓடுகளும் எழுநூற்றில்தான் மாறின. அந்தக் காலத்துக் குயவர்கள் சூட்டை அத்தனை துல்லியமாக ஆண்டார்கள் என்கிறது அவளுடைய ஆய்வேடு. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது பன்னிரண்டாவது, கடைசி ஓடு. கிணறு வெட்டி அவற்றை எடுத்துத் தந்த கண்ணாயிரம், வேர்க்கடலைப் பையை மடியில் வைத்தபடி உலையின் சிறு கண்ணாடிக்குள் குனிந்து பார்க்கிறார்.

“நம்ம அடுப்பு மாதிரியே செவந்துக்கினு இருக்குது மேடம். இதுக்கா இவ்ளோ கரண்ட்டு? எங்க வூட்டு கிருஷ்ணவேணி பன்னெண்டையும் ஒரே தபா சுட்டுட்டா.”

“எதைச் சுட்டாங்க?”

“இந்த ஓட்டத்தாம்மா. சேத்துல ஊறி நசநசன்னு இருந்துச்சு. அப்படியே உங்க கையில குடுத்தா மரியாதையா? நெல்லு அவிக்கிற அடுப்புத் தணல்ல பொதைச்சா. எடுத்தா கணீர்னு இருந்துச்சு!”

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. எழுநூற்றைத் தொட்டதும் உலை ஒலிக்கிறது. ஸௌம்யா எழுந்திருக்கவில்லை. மூன்று மாதமாக அவள் அளந்தது கிருஷ்ணவேணியின் அடுப்பை.

“நல்லா வெந்திருக்குதாம்மா?”

“எல்லாம் ஒரே பதம்” என்கிறாள்.

கண்ணாயிரத்தின் முகம் மலர்கிறது.